லித்தியம் மாத்திரை: வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

பைபோலாருக்கு, அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்க்கு, டாக்டர் லித்தியம் எழுதிக் கொடுத்துவிட்டார். எத்தனை மி.கி., எத்தனை வேளை என்பது அவர் பாடு, அதில் நாம் கை வைக்கக் கூடாது. மற்றதெல்லாம் வீட்டில் இருப்பவர் தலையில்தான். எங்கள் வீட்டில் அண்ணனுக்கு நான்.

1. மாத்திரைப் பெட்டி

காலை, இரவு என்று தனித்தனி அறை உள்ள வாரப் பெட்டி வாங்குங்கள். செல்போன் ஆப் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். பெட்டி என்றால் திறந்து பார்த்ததும் போட்டாரா இல்லையா என்று தெரிந்துவிடும். அட்டையில் காலாவதித் தேதி இருக்கும் ஓரத்தைக் கடைசிவரை கிழிக்காதீர்கள். எஸ்ஆர், எக்ஸ்எல் என்று போட்டிருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை, பொடிக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள்.

2. ரத்தப் பரிசோதனை

இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். லித்தியத்தில் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் வைப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து.

கடைசி மாத்திரைக்கும் ஊசி குத்துவதற்கும் இடையே 12 மணி நேரம் இருக்க வேண்டும். லேபில் "வெறும் வயித்துல வாங்க" என்பார்களே தவிர இதைச் சொல்ல மாட்டார்கள். அண்ணனுக்கு ஒருமுறை 1.3 என்று வந்து வீடே கலங்கிப்போனது. காலை மாத்திரை போட்டபின் ரத்தம் எடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். முறையாக எடுத்தபோது 0.8.

இரவு 8 மணிக்கு மாத்திரை என்றால் காலை 8 மணிக்கு ரத்தம். காலை மாத்திரை அதற்கப்புறம். கடைசியாகப் போட்ட நேரத்தை ரிப்போர்ட் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். டோஸ் மாற்றினால் சுமார் ஒரு வாரம் கழித்து எடுக்கச் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), டிஎஸ்எச் (தைராய்டுக்கு), கால்சியம் பரிசோதனைகளும் உண்டு.

3. உப்பும் தண்ணீரும்

உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். லித்தியமும் கூடவே தங்கி அளவு ஏறிவிடும். எனவே பிபிக்குப் பயந்து திடீரென்று உப்பை நிறுத்துவது, கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைவது, நிர்ஜல விரதம் எதுவும் வேண்டாம். வாந்தி பேதி வந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள்.

4. மெடிக்கல் ஷாப்

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் சில பிபி மாத்திரைகளும் லித்தியம் அளவை ஏற்றும். காய்ச்சல், தலைவலிக்குப் பாரசிட்டமால். யார் எது எழுதினாலும் "லித்தியம் சாப்பிடுறார்" என்று முதலில் சொல்லுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.

5. எப்போது ஓட வேண்டும்

விரல் லேசாக நடுங்குவது சகஜம். டம்ளர் பிடிக்க முடியாத நடுக்கம், தள்ளாட்டம், குளறும் பேச்சு, வாந்தி, மந்தம் என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு. மற்றபடி நன்றாக இருக்கிறார் என்று நாமாக நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். டாக்டர் கிடைக்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

பின்சேர்க்கை: 12 மணி நேரம் விட்டும் ரீடிங் எகிறுகிறது என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். ரத்தம் பிடித்த குழாயின் மூடி என்ன நிறம் என்று லேபில் கேளுங்கள். பச்சை மூடிக் குழாய் பலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் என்ற மருந்து இருக்கும். அந்த லித்தியமும் கணக்கில் ஏறிவிடும். சிவப்பு மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் நடுக்கமோ தள்ளாட்டமோ இருந்தால் குழாயை விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள், முதலில் டாக்டர்.