இரண்டு விழித்திரை கேமராக்களில் எதை நம்பலாம்?

கொழிஞ்சாம்பாறையில் 11 வருடமாகக் கண் பரிசோதகராக இருக்கிறேன். எங்கள் கிளினிக்கின் முதல் ஃபண்டஸ் கேமராவை, அதாவது விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவை, விற்க வந்தவர் லேப்டாப்பில் காட்டிய படங்களை மட்டும் பார்த்து வாங்கினோம். ஒவ்வொரு ரத்தக்குழாயும் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. முதல் கேம்ப்பில், தென்னை ஏறிக் கள் இறக்கிய ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். 15 வருடச் சர்க்கரை, இரண்டு கண்ணிலும் புரை. மூன்று முறை எடுத்தும் திரையில் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம்தான். “கண்ணு நல்லாருக்கா அம்மிணி?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அதனால் அடுத்த கேமராவை வாங்கும் முன், கையில் பிடிக்கும் ஒன்றையும் மேஜையில் வைக்கும் ஒன்றையும் சோதனைக்கு இரவல் வாங்கி வைத்து நாங்களே சோதித்தோம். நீங்களும் செய்யலாம்.

முதலில், எதைச் சரியான விடையாகக் கொள்வது என்று முடிவு செய்யுங்கள். ஒரு கேமராவை இன்னொரு கேமராவோடு மட்டும் ஒப்பிட்டால், இரண்டும் ஒரே தப்பைச் செய்தால் தெரியவே தெரியாது. ஆராய்ச்சிகளில் 30 டிகிரி அகலத்தில் விழித்திரையின் ஏழு இடங்களை, ஆழம் தெரியும்படி இரட்டைப் படமாக எடுப்பதை அளவுகோலாக வைப்பார்கள். சின்ன கிளினிக்கில், சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பா விரிந்த பிறகு விழித்திரை டாக்டர் நேரில் பார்த்துச் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆளின் ஒரே கண்ணை, ஒரே நாளில், இரண்டிலும் எடுக்க வேண்டும். மருந்து விடாமல் எடுக்கும்போது ஒரு விஷயத்தில் நாங்கள் தடுமாறினோம். ஃப்ளாஷ் அடித்ததும் கண்பாப்பா சுருங்கிவிடும். இரண்டாவதாக எடுக்கும் கேமராவின் படம் இருண்டுபோகும். அது கேமராவின் குற்றம் இல்லை. ஒற்றைப்படை டோக்கனுக்கு மேஜைக் கேமரா முதலில், இரட்டைப்படைக்குக் கைக் கேமரா முதலில் என்று மாற்றினோம். நடுவில் ஐந்து நிமிடம் இருட்டு அறையில் உட்கார வைத்தோம்.

படங்களுக்குப் பெயர் போடாமல் எண் மட்டும் கொடுங்கள். படம் பார்க்கும் டாக்டருக்கு நேரில் பார்த்த முடிவு தெரியக் கூடாது.

இனி கணக்கு. மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். 100 பேரில் 20 பேருக்குச் சர்க்கரையால் வரும் விழித்திரை நோய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 பேரில் 5 பேரின் படம் தெளிவில்லை என்று ஒதுக்கிவிட்டு, மீதி 15-இல் 14 பேரைக் கண்டுபிடித்தால் 93 சதவீதம் என்று வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நோயுள்ள 20 பேரில் கண்டுபிடித்தது 14 தான். அதாவது 70 சதவீதம். ஒதுக்கப்பட்ட ஐந்து பேர், எங்கள் பெரியவரைப் போல, பெரும்பாலும் புரையுள்ள வயதானவர்களாகவே இருப்பார்கள். அதனால் தெளிவில்லாத படங்களைத் தனியாக எண்ணி, இரண்டு கணக்கையும் எழுதுங்கள். தெளிவில்லாத படம் வந்தவரைக் கட்டாயம் டாக்டரிடம் அனுப்புங்கள்.

நோய் இல்லாதவரைச் சரியாக விடுவதும் முக்கியம். நோயில்லாத 900 பேரில் பத்து சதவீதம் தப்பானால் 90 பேர் வீணாகக் கோயம்புத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ பஸ் ஏறுவார்கள். ஒரு நாள் கூலி போய்விடும். பிரிட்டிஷ் நீரிழிவுச் சங்கம் 1997-இல் வைத்த அளவு: நோயுள்ளவரைக் கண்டுபிடிப்பதில் குறைந்தது 80 சதவீதம், இல்லாதவரைச் சரியாகச் சொல்வதில் 95. நான் இன்றும் அதைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம், 20 படங்களையாவது இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். இருவரும் அடிக்கடி மாறுபட்டால், தவறு கேமராவிலா பார்ப்பவரிலா என்று பிரிக்க முடியாது.

கேமரா போக, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுத்துத் தடிமனை அளக்கும் ஓசிடி இயந்திரங்களை ஒப்பிடும்போது விழித்திரைத் தடிமன் எண்ணை நேராக வைத்துப் பார்க்காதீர்கள். பழைய ஸ்ட்ராட்டஸ் என்ற ஓசிடி, விழித்திரையின் அடி எல்லைக் கோட்டைச் சற்று மேலே போடும். ஸ்பெக்ட்ராலிஸ் என்ற இன்னொன்று இன்னும் கீழே, விழித்திரைக்கு அடியில் உள்ள புரூக் சவ்வு வரை அளக்கும். அதே கண்ணுக்கு ஸ்பெக்ட்ராலிஸில் பல பத்து மைக்ரான் கூடுதலாக வரும். வீக்கம் கூடிவிட்டது என்று நோயாளியைப் பயமுறுத்திவிட வேண்டாம். சீட்டில் தடிமனுக்குப் பக்கத்திலேயே இயந்திரத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள்.