கரும்புகை இல்லாமல் இழுவை: தோட்டத்து டீசல் வண்டிக்கு எக்ஸோஸ், டியூனிங் வேலை

செம்பனைக் குலை ஏற்றிய வண்டி மில் மேட்டில் ஏறும்போது பின்னால் கருப்பாகப் புகை தள்ளினால், "நல்லா இழுக்குது" என்று சொல்லும் வழக்கம் நம் தோட்டப் பட்டணங்களில் இன்னும் போகவில்லை. அந்தக் கருப்பு, சக்தியாக மாறாமல் கரியாக வெளியேறும் டீசல். 2024 ஜூன் 10-ல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 சென் ஆனது. மானிய அட்டை இல்லாத வண்டிக்கு அன்றிலிருந்து அந்தப் புகை முழுக்கக் கைக்காசு.

சட்டம் சொல்வது இதுதான். 1996-ஆம் ஆண்டின் டீசல் புகை விதிகளின்படி, புகையின் அளவு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது. புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதன் கணக்கு அது. 0 என்றால் தெளிவு, 100 என்றால் முழு இருட்டு. எக்ஸோஸ் (புகைக்குழாய்) சத்தத்துக்கு 1987-ஆம் ஆண்டின் விதிகள் தனியாக இருக்கின்றன. கேட்டலிஸ்ட் (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி), டிபிஎஃப் (கரியைப் பிடிக்கும் பில்டர்), இஜிஆர் (எரிந்த காற்றில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வால்வு) ஆகியவற்றோடு வந்த வண்டியில் அவற்றைக் கழற்றும் வேலையும் அடைக்கும் வேலையும் இங்கே இல்லை. அவை இருக்கும்போதே எடுக்கக்கூடிய இழுவை நிறைய இருக்கிறது. பெரும்பாலும் அது வண்டி புதிதாக வந்தபோது இருந்து, பிறகு தொலைந்து போனது.

காற்றில் தொடங்குங்கள்

ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து, பில்டருக்கு அந்தப் பக்கம் டர்போவுக்கு (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறிக்கு) போகும் குழாயின் உள்சுவரை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் பில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை, அல்லது பெட்டி வெடித்திருக்கிறது. அந்தத் தூசி டர்போவின் அலுமினியச் சக்கரத்தை உப்புத்தாள் போல அரிக்கும். பில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே, 2 பார் அழுத்தத்துக்குள் அடியுங்கள். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், புதிது போடுங்கள். அழுத்திக் காற்றடித்த காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்துவிடும்.

அடுத்தது இன்டர்கூலர் ஹோஸ், அதாவது டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கூலருக்குப் போய்வரும் ரப்பர் குழாய். கரும்புகைக்கு அதிகம் தவறவிடப்படும் காரணம் இதுதான். ஹோஸின் அடிப்பக்கத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருஞ்சேறு போல ஒட்டியிருந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. காற்று அளவு சென்சார் உள்ள எஞ்சினில், சென்சாரைக் கடந்த காற்றுக்குக் கணக்குப் போட்டு எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியு டீசல் விடுகிறது. அந்தக் காற்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டால் டீசல் கூடிக் கருப்பாகிறது. சோதிக்க, டர்போவுக்குள் காற்று போகும் வாயை, டயர் வால்வு பொருத்திய பிவிசி மூடியால் அடைத்துக் கிளிப் போடுங்கள். கிராங்க் கேஸ் மூச்சுக்குழாயைக் கழற்றி, அது காற்றுக் குழாயில் சேரும் துளையையும் அடைக்க வேண்டும். விட்டால் காற்று எஞ்சின் அடிவயிற்றுக்குள் இறங்கி ஆயில் சீலைத் தள்ளும். 0.7 பார் போதும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை இடத்தைக் காட்டிக் கொடுக்கும். ஹோஸ் மடிப்பை விரித்துப் பார்க்க மறக்காதீர்கள். வெடிப்பு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும்.

இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றால், பாரம் இழுக்கும் நேரத்தில் எரிந்த காற்று மறுபடி உள்ளே வந்து நல்ல காற்றின் இடத்தைப் பிடிக்கும். வால்வைக் கழற்றி, மின்மோட்டார் பகுதி நனையாமல், கார்புரேட்டர் கிளீனரும் பிளாஸ்டிக் சுரண்டியும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். தகடு வைத்து அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது. புதிய வண்டிகளில் எஞ்சின் விளக்கு எரிந்து வேகமும் கட்டுப்படும். காற்று அளவு சென்சாருக்கு அதற்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைத் துணியோ விரலோ தொடக் கூடாது.

டீசல் பக்கம்

பெட்ரோல் கடையில் கிடைக்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. அது தண்ணீரை ஈர்க்கும். பழைய டாங்கியின் அடியில் படிந்த கசடையும் கரைத்துக் கொண்டுவரும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை பில்டர் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டரில் டீசல் பில்டர் மாற்றுவது வீண் செலவாகாது.

காமன் ரயில் எஞ்சினில், அதாவது ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் (டீசல் பீய்ச்சும் முனைக்கும்) டீசல் போகும் வகையில், எந்த இன்ஜெக்டர் கெட்டது என்று அறிய, மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி ஒரே அளவு பாட்டில் நான்கில் விட்டு, எஞ்சினை ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்) சில நிமிடம் ஓடவிடுங்கள். மூன்றில் ஒரே மட்டம் இருந்து ஒன்றில் மட்டும் இரண்டு, மூன்று மடங்கு நிறைந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. மாற்றும்போது அடியிலுள்ள செப்பு வாஷர் புதிதாக வேண்டும். குறியீட்டு எண் உள்ள இன்ஜெக்டரானால் அந்த எண்ணை ஸ்கேனரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் புது இன்ஜெக்டரும் தட்டும், புகையும். எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயின் நட்டை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். ஊசிமுனை போன்ற டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

பழைய ரோட்டரி பம்பில் பின்புறம், முழுப் பாரத்தில் விடும் டீசல் அளவை வைக்கும் ஃபுல்-லோட் திருகு இருக்கும். உள்ளே திருகினால் டீசல் கூடும், வெளியே எடுத்தால் குறையும். பெயிண்ட் பேனாவால் பழைய இடத்தைக் குறித்துவிட்டு, கால் சுற்றில் பாதி, அதாவது எட்டில் ஒரு சுற்று மட்டும் வெளியே எடுத்து, பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். ஒரேயடியாக உள்ளே திருகினால் ஐடில் ஏறி, எஞ்சின் கைக்கு அடங்காமல் ஓடும். புஸ்பாக்கோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) சோதனைக்காகக் குறைத்துவிட்டு, வந்ததும் கூட்டிவைப்பதால் பயனில்லை. சாலையோரச் சோதனையில் மாட்டுவது அந்தக் கூட்டிய அளவுதான்.

எக்ஸோஸ்

மாற்றம் கேட்டலிஸ்டுக்குப் பின்னால் மட்டும். 2.5 முதல் 3.0 லிட்டர் பிக்கப்புக்கு இரண்டரை இஞ்சு குழாய் தாராளம். மூன்று இஞ்சு போட்டால் சத்தம்தான் கூடும். குழாயின் விட்டத்தைவிட வளைவுகள் முக்கியம்: நசுங்கிய வளைவு ஒன்று இருந்தால் பெரிய குழாய் போட்ட பலன் அங்கேயே போச்சு. நசுங்காமல் வளைக்கும் மாண்ட்ரல் வளைவு கேளுங்கள். தடிப்பு 1.5 மில்லிமீட்டர், அலுமினியம் பூசிய எஃகு அல்லது துருப்பிடிக்காத எஃகு. தண்ணீர்க் குழாயாக விற்கும் ஜிஐ பைப்பை வெல்டிங் வைக்காதீர்கள். துத்தநாகப் புகை போர்மனுக்கு (மெக்கானிக்குக்கு) காய்ச்சல் கொடுக்கும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், இல்லையென்றால் ஈசியு போகும். குழாய் பிரேக் லைனுக்கும் டாங்கிக்கும் நெருங்கும் இடங்களில் வெப்பத்தகடு கட்டாயம். தோட்டத்து வண்டிக்கு இன்னொரு கவனம்: காய்ந்த மட்டையும் நாரும் சூடான குழாய்க்கு மேல் சிக்கித் தீப்பிடிக்கும். அப்படிச் சிக்கும் சந்து இல்லாமல் குழாயை ஏற்றுங்கள். சைலன்சரை எடுக்காதீர்கள்.

டிபிஎஃப் உள்ள வண்டிக்குத் தோட்டம் பகை. அடைந்த கரி தானாக எரிய 600 டிகிரி அளவு சூடு வேண்டும். மர வரிசை லைனுக்குள் முதல் கியரில் ஊர்ந்தால் அது வராது. வாரம் ஒரு முறை கோலாலம்பூர்-கோல சிலாங்கூர் லத்தார் நெடுஞ்சாலை போன்ற நேர்ச்சாலையில் 20, 30 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால், கரியை எரிக்க விட்டு, எரிப்பு பாதியில் நின்றதால் மிஞ்சிய டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. உடனே ஆயில் மாற்றுங்கள், சாம்பல் குறைந்த வகையாகப் பார்த்து.

டியூனிங்

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டியூனிங் பெட்டி, ரயில் அழுத்தம் குறைவு என்று ஈசியுவிடம் பொய் சொல்லி அழுத்தத்தை ஏற்ற வைக்கிறது. காற்று எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் அதைப் பரிந்துரைக்க முடியாது. ஈசியு ரீமேப், அதாவது அதன் புரோகிராமை மாற்றும் வேலை, செய்கிறவரிடம் மூன்று கேளுங்கள்: ஒரிஜினல் ஃபைலின் நகல் உங்கள் கையில் வேண்டும், புகை வரம்பு அட்டவணையை, அதாவது இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு டீசல் என்ற கட்டுப்பாட்டை, நீக்கக் கூடாது, இஜிஆர், டிபிஎஃப் வேலை செய்ய வேண்டும். காற்று எடையில் டீசலைப் போல 18 மடங்குக்குக் கீழே இறங்கும்போது புகை கருக்கத் தொடங்கும். பாரம் இழுக்கும் வண்டிக்கு டார்க்கை (இழுவை விசையை) 15 சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள், கிளட்ச் தாங்காது. டர்போவுக்கு முன்னால் வெப்பமானி வைத்து, நீண்ட மேட்டில் 700 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் நூறு டிகிரிக்கு மேலும் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

புகைச் சோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். நெடுந்தூரம் ஓட்டி வந்து, இரண்டு மூன்று முறை மிதித்துக் குழாயில் தங்கிய பழைய கரியை வெளியேற்றிவிட்டு உள்ளே போங்கள். வேலை முடிந்து 200 கிலோமீட்டர் ஓடியதும் ஹோஸ் கிளிப்புகளையும் எக்ஸோஸ் நட்டுகளையும், எஞ்சின் ஆறிய பிறகு, மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். லைன் சாலையின் குலுக்கலில் முதலில் தளர்வது இன்டர்கூலரின் கீழ்க் கிளிப்.