காலாவதிப் பொருளை விற்றுவிட்டார்களா?

மளிகைக் கடையில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று டேப் சுற்றி வைத்திருக்கும் பாக்கெட்டுகளை முதலில் திருப்பிப் பாருங்கள். அந்த டேப்போ விலை ஸ்டிக்கரோ பல நேரம் தேதியின் மேலேயே ஒட்டியிருக்கும். உரித்துக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். தேதி அழிந்திருந்தாலோ, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தேதிகள் தெரிந்தாலோ வாங்கவே வேண்டாம்.

காலாவதியான பொருள் என்று வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால், கோபத்தில் பாக்கெட்டைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. தேதி, பேட்ச் எண், 14 இலக்க உணவு உரிம எண், பில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் மாற்றித் தந்தாலும் அதோடு விடாமல், அலமாரியில் மிச்சமிருப்பதையும் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து அதை வாங்குபவர் குழந்தைக்காக வாங்கலாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு பின்வாங்காதீர்கள். காலாவதிப் பொருளை விற்பதே சட்டப்படி தவறு.

மறுத்தால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படங்களையும் கடையின் முகவரியையும் அனுப்புங்கள். பணத்தைத் திரும்பப் பெற, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.