தளத்தில் ஈரக்கறையா? புட்டியைக் கையில் எடுக்காதீர்கள்

தலைக்கு மேலுள்ள காங்கிரீட் தளத்தில் ஈரம் தெரிந்தால் பலரும் செய்யும் தவறுகள் இவை.

கறையை மூடுவது

சேலத்தில் தீபாவளியும் மழையும் சேர்ந்தே வரும். பண்டிகைக்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஈரத் தளத்தையே சுரண்டி, புட்டி (பெயின்டுக்கு முன் பூசும் மாவுப் பூச்சு) இழுத்து, பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். கார்த்திகைக்குள் அதே இடம் உப்பி உரிகிறது. "இன்னொரு கோட்டிங் போதும்" என்று தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

நீர் வருவது மேலிருந்து. கீழே வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் அந்த நீர் வெளியேற வழியின்றி காங்கிரீட்டுக்குள் தங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கம்பி ஓடும் கோட்டிலேயே காங்கிரீட் வெடித்துப் பாளமாக விழும். செம்பழுப்பு நேர்கோடு தெரிந்தால் கம்பியில் துரு ஏறிவிட்டது. சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். பொக்காக ஒலித்தால் அதன் கீழே கட்டில் வேண்டாம். உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கறைக்கு நேர் மேலே மட்டும் தேடினாலும் ஓட்டை கிடைக்காது. மொட்டை மாடியில் பதித்த தட்டோட்டு இடுக்கில் இறங்கிய நீர் அடியிலுள்ள செங்கல் ஜல்லியில் தேங்கி, வாட்டம் (சரிவு) போன பக்கம் நகர்ந்து, மழை விட்டு இரண்டு நாள் கழித்துக்கூட வேறிடத்தில் சொட்டும். கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதுங்கள். மழையே இல்லாமல் வளர்ந்தால் மாடிக் குளியலறைக் குழாயையோ தொட்டியையோ பாருங்கள். மழைக்குப் பின் மட்டும் வளர்ந்தால், மொட்டை மாடியின் நீர்க்குழாய் வாயை அடைத்து இரண்டு அங்குலம் நீரை 24 மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். பொக்காக ஒலிக்கும் தளத்தில் இதைச் செய்யவே கூடாது. மேலே கசிவை அடைத்து, கீழே நன்றாகக் காய்ந்த பிறகுதான் புட்டி.

கறைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங்

வேண்டவே வேண்டாம்.

உப்பைப் பூஞ்சை என்பது

வெள்ளைப் பொடியின்மேல் நீர் தெளியுங்கள். கரைந்தால் உப்பு. பூஞ்சை கரையாது, மக்கல் வாடையும் வரும்.

ஏற்காட்டில் எல்லாவற்றையும் ஒழுகல் என்பது

சுமார் 1,500 மீட்டர் உயரம், நாள்கணக்கில் மூடுபனி. மூலைகளிலும் பீரோவுக்கு மேலேயும் பூக்கும் கரும்புள்ளிக்குப் பெரும்பாலும் காற்றின் ஈரமே காரணம். ஓரடிச் சதுர பாலிதீன் தாளைத் தளத்தில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நீர்முத்து கோத்தால் காற்றின் ஈரம்; தளத்தை ஒட்டிய பக்கம் கோத்தால் கசிவு. முன்னதற்கு எக்ஸாஸ்ட் ஃபேனும், பீரோவுக்கும் சுவருக்கும் நான்கு அங்குல இடைவெளியும் உதவும்.

பூஞ்சையை உலர்ந்த துணியால் தேய்ப்பது

வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். என்95 முகக்கவசம் போட்டு, சோப்பு நீரில் நனைத்துத் துடையுங்கள்.

ஃபேன் கொக்கியில் சொட்டும்போது சுவிட்சை மட்டும் அணைப்பது

மின்பலகையில் அந்த இணைப்பையே துண்டிக்கும் எம்சிபியை இறக்குங்கள்.