நுவரெலியாவில் பழைய ஹோட்டலில் தங்கப் போகிறவர்களுக்கு

கனடாவிலிருந்து இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம், வன்னி என்று உறவுகளைப் பார்த்து முடித்தபின் பிள்ளைகளோடு மலைநாட்டு ஊரான நுவரெலியாவுக்குப் போகிறீர்கள் என்றால், ஒரு இரவாவது பழைய ஹோட்டலில் தங்குங்கள். கிராண்ட் ஹோட்டல் ஒரு காலத்தில் பிரித்தானிய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் இல்லம். ஹில் கிளப்பிலும் தங்கலாம், அது 1876இல் தொடங்கியது. அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும், இல்லாதவர்களுக்கு அவர்களே இரவல் தருவார்கள். கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையையே ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

பதிவு செய்யுமுன் விலையைத் தெளிவாகக் கேளுங்கள். பல ஹோட்டல்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு டொலரில் ஒரு விலை, உள்ளூர் அடையாள அட்டைக்கு ரூபாயில் இன்னொரு விலை. ஊரிலிருந்து அண்ணன் குடும்பமும் கூட வந்தால் அவர்களின் அறையைத் தனியாகப் பதியுங்கள். 10% சேவைக் கட்டணமும் வரிகளும் அந்த விலைக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். ஏப்ரல் சீசனில் விலை எல்லாமே ஏறிவிடும்.

குளிரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஊர் கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிவதுண்டு. கனடாவில் வெளியேதான் குளிர், வீட்டுக்குள் கதகதப்பு. இங்கே பழைய கட்டடத்தின் உயர்ந்த கூரைக்குக் கீழே அறையும் குளிரும். ஹீட்டர் உண்டா, சுடுதண்ணீர் எந்நேரமும் வருமா என்று கேட்டு வையுங்கள். அம்மா அப்பா கூட வந்தால் கீழ்த்தள அறை நல்லது.

கண்டியிலிருந்து றம்பொடை வழிப் பாதை முழுக்க வளைவு. வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு முதலே மருந்து கொடுத்துவிடுங்கள். ரயிலென்றால் நானுஓயாவில் இறங்க வேண்டும். சேவை ஓடுகிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

அப்புறம், ஹோட்டலில் ஆங்கிலத்தில் தொடங்காமல் தமிழில் கதையுங்கள். மலையகத் தமிழர் பெருமளவில் வாழும் மாவட்டம் இது. அறை துடைப்பவரும் தேநீர் கொண்டு வருபவரும் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். இந்த மலைகளைத் தோட்டமாக்கியது அவர்களுடைய பூட்டன் பூட்டியின் உழைப்பு. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பில்லில் சேவைக் கட்டணம் இருந்தாலும், கவனித்தவரின் கையில் ஏதாவது கொடுங்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குள் கமராவோடு நுழைய வேண்டாம். வீட்டுக்காரர் கூப்பிட்டால் போங்கள், படம் எடுக்குமுன் அவரிடம் கேளுங்கள்.