கருத்தரங்குச் சிற்றேட்டில் குரோம்பேட்டையை எழுதும் முறை

சென்னைப் புறநகரான குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) வளாகத்தில் கருத்தரங்கு நடத்தும்போது அச்சிடப்படும் சிற்றேடுகளில் 'நிகழ்விடம்' என்னும் பகுதி பெரும்பாலும் மெரினாவையும் மாமல்லபுரத்தையும் புகழ்ந்துவிட்டு முடிந்துவிடுகிறது. வெளியூரிலிருந்து வருபவர் தாம் வந்து இறங்கும் ஊரைப் பற்றி அதில் ஒரு வரியும் காண்பதில்லை. அப்பகுதியை எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்தால், ஊரின் பெயரிலிருந்தே தொடங்குங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் இங்கு நிறுவிய குரோம் லெதர் தொழிற்சாலையே ஊருக்குப் பெயர் தந்தது. பெயர்க்காரணத்தோடு நின்றுவிடாமல், தொழிலின் செய்முறையையும் சுருக்கமாக விளக்குங்கள். ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் பதப்படுத்த வாரக்கணக்கில் ஆகும் என்றிருந்த காலத்தில், குரோமிய உப்பு அந்த வேலையை ஓரிரு நாளில் முடித்துத் தந்தது. அவ்வாறு பதமான தோல் நீலம் பாய்ந்திருப்பதால் தொழிலில் அதை 'வெட் புளூ' என்றே அழைக்கிறார்கள். பல்லாவரம், நாகல்கேணிப் பகுதிகளில் பெருகிய தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததையும், பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டதையும் எழுதத் தயங்க வேண்டாம். வருபவர்களில் வேதிப் பொறியாளர் ஒருவராவது இருப்பார்; அவர் எப்படியும் கேட்கத்தான் போகிறார்.

வளாகத்தைப் பற்றி எழுதுகையில், சி. ராஜம் தம் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு 1949-இல் இக்கல்லூரியைத் தொடங்கினார் என்பதையும், வானூர்தி, மோட்டார் வாகனம், மின்னணு, கருவியியல் ஆகிய பாடங்கள் நம் நாட்டில் அரிதாக இருந்த நாளிலேயே அவை இங்கு கற்பிக்கப்பட்டன என்பதையும் முதன்மைப்படுத்துங்கள். 1978-இல் இது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அப்துல் கலாம் இங்கு படித்ததை அறியாதவர் இல்லை. அதற்கு ஒரு வரி போதும்.

பக்கத்து ஊரான பல்லாவரத்துக்கு இன்னும் சற்று இடம் ஒதுக்கலாம். 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கேதான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அதிலிருந்து வளர்ந்தது. கொல்கத்தாவிலிருந்து பேச்சாளர் வருவதாக இருந்தால், அந்நகரை நிறுவியவராகப் பொதுவாகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்தான் என்பதையும், அவர் பெயரால்தான் அந்தப் பாறைவகைக்குச் 'சார்னோகைட்' என்று பெயர் வந்தது என்பதையும் சேர்த்துவிடுங்கள். வரவேற்புரையில் அதைவிடப் பொருத்தமான செய்தி கிடைப்பது கடினம்.

வழிக்குறிப்பைப் புறநகர் ரயிலை வைத்தே எழுதுங்கள், ஏனெனில் ஜி.எஸ்.டி. சாலையின் காலை நெரிசலில் வாடகைக் காரை நம்ப முடியாது. விமானத்தில் வருபவர் எதிரிலுள்ள திரிசூலம் நிலையத்தில் தாம்பரம் வண்டி ஏறி, பல்லாவரத்தை அடுத்த குரோம்பேட்டை நிலையத்தில் இறங்க வேண்டும். சென்ட்ரலில் இறங்குபவர் சாலையைக் கடந்து பூங்கா நிலையத்திலும், எழும்பூரில் இறங்குபவர் அங்கேயும் அதே வண்டியைப் பிடிக்கலாம்.