ஈ.கோலையில் எஃப்.ஜி.எஃப்-2 தயாரிப்பது எப்படி?

எஃப்.ஜி.எஃப்-2, செல்லைப் பெருகச் சொல்லும் சமிக்ஞைப் புரதம். செல்லின் மேல் இருக்கும் ஏற்பியோடு (சமிக்ஞையை வாங்கும் புரதம்) ஹெபரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியும் கூடினால்தான் இது உறுதியாகப் பிணையும். பிறகு உள்ளே இ.ஆர்.கே. பாதை, அதாவது பெருகும் கட்டளையைக் கடத்தும் புரதத் தொடர், விழித்துக்கொள்ளும். ஸ்டெம் செல் வளர்ப்பவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது, விலையோ அதிகம். எடை 18 கிலோ டால்டன்தான். புரதத்தின் மேல் சர்க்கரைச் சேர்க்கை தேவையில்லை என்பதால் ஈ.கோலை பாக்டீரியாவே போதும். முதன்முதலாகப் புரதம் தயாரிப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

1. வளர்ப்பு

டேக் (பிரித்தெடுக்க ஒட்டும் கூடுதல் வால்) இல்லாத ஜீனை பெட்-28 பிளாஸ்மிட்டில் (ஜீனைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) வைத்து, பி.எல்.21 (டி.இ.3) என்ற ஈ.கோலை வகையில் ஏற்றுங்கள். இரவு முழுக்க வளர்த்த பாக்டீரியா நீரில் 5 மி.லி.யை, மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் கனமைசின் (பிளாஸ்மிட் இல்லாத பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து) கலந்த 500 மி.லி. எல்.பி. ஊட்டக் கரைசலில் சேருங்கள். பிளாஸ்க் 2 லிட்டர் இருக்கட்டும், காற்று வேண்டும். 37 டிகிரியில் ஓ.டி. (கலங்கலின் அளவு) 0.6 வந்ததும் பிளாஸ்க்கை 10 நிமிடம் ஐஸில் வைத்து, ஜீனை முடுக்கிவிடும் ஐ.பி.டி.ஜி.யை 0.5 மில்லிமோலார் சேர்த்து, 25 டிகிரியில் 5 மணி நேரம் விடுங்கள். சூடு கூடினால் புரதம் கட்டிதட்டி வண்டலோடு போய்விடும். நாகர்கோவில் ஏப்ரல் வெயிலில் சாதாரண ஷேக்கர் 25-க்கு இறங்காது. குளிரூட்டும் ஷேக்கரே வேண்டும்.

2. உடைப்பு

செல்களை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி எடுத்து, 20 மி.லி. பஃபரில் கரையுங்கள்: 20 மில்லிமோலார் பாஸ்பேட் (பி.எச். 7.4), 0.5 மோலார் உப்பு, 1 மில்லிமோலார் டைதயோத்ரெய்டால் (புரதங்கள் ஒன்றோடொன்று பிணையாமல் தடுப்பது). புரதத்தை அரிக்கும் நொதிகளைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எஃப்.ஐ உடைக்கப்போகும் நேரத்தில் சேருங்கள், தண்ணீரில் சீக்கிரம் செயலிழக்கும். ஒலி அலையால் செல்லை உடைக்கும் சோனிகேட்டரில், ஐஸில் வைத்து, 5 விநாடி அடித்து 10 விநாடி நிறுத்த வேண்டும். நுரை வந்தால் முனையை ஆழமாக இறக்குங்கள். ஐஸ் மெஷின் இல்லையா? குளச்சல், சின்னமுட்டம் துறைமுகப் பக்கம் கட்டி ஐஸ் வாங்கி உடைத்துக்கொள்ளலாம். கரைசல் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபட்டால் டி.என்.ஏ. இன்னும் உடையவில்லை, மறுபடி அடியுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் காலம் (column, புரதத்தைப் பிரிக்கும் குழாய்) அடைத்துக்கொள்ளும். 15,000 ஜி-யில் 30 நிமிடம் சுழற்றி, மேல்நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள்.

3. ஹெபரின் காலம்

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. காலத்துக்குள் இருக்கும் மணிகளில் ஹெபரான் சல்பேட்டைப் போன்ற ஹெபரின் ஒட்டியிருக்கும். ஹெபரினை இந்தப் புரதம் அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும். 0.5 மோலார் உப்பிலேயே மேல்நீரை ஏற்றினால் பாக்டீரியாவின் புரதங்கள் பெரும்பாலும் ஒட்டாமல் ஓடிவிடும், இது மட்டும் நிற்கும். 0.6 மோலாரில் நன்றாகக் கழுவி, 2 மோலாரில் 1 மி.லி. 1 மி.லி.யாகப் பிரித்தெடுங்கள்.

4. சரிபார்ப்பு

புரதங்களை எடைப்படி பிரிக்கும் 15 சதவீத ஜெல்லில் 18 கிலோ டால்டனுக்கு அருகே பட்டை தெரிய வேண்டும். 36-இலும் தெரிந்தால் சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று பிணைந்து இரட்டையாகிவிட்டன, டைதயோத்ரெய்டால் பழசாகியிருக்கும். பட்டை மட்டும் போதாது. சீரம் இல்லாமல் வைத்த 3டி3 செல்களில் (எலியின் செல் வகை) மி.லி.க்கு 10 நானோகிராம் விட்டு, 10 நிமிடத்தில் பாஸ்போ-இ.ஆர்.கே. (விழித்துக்கொண்ட இ.ஆர்.கே.) ஏறுகிறதா என்று, குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பாருங்கள்.

5. சேமிப்பு

நீர்த்த நிலையில் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் காணாமல் போகும். அதைத் தடுக்க 0.1 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதம்) சேர்த்து, சின்னச் சின்னக் குழாய்களில் மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு முறை உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்கவே கூடாது. 37 டிகிரி ஊடகத்தில் ஒரே நாளில் வீரியம் குறைந்துவிடும், அதனால் வளர்ப்புக்குத் தினமும் புதிதாகச் சேருங்கள்.